லாரிக்கு ஏ.சி. கட்டாயம் சரி, ரிப்பேருக்கு எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகள் எல்லாவற்றிலும் ஓட்டுநர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரிலேயே அறிவிக்கை போட்டுவிட்டது. மொத்த எடை மூன்றரை டன்னைத் தாண்டும் சரக்கு வண்டி எல்லாமே இதில் அடக்கம். நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. இன்ஜின் சூடு காலுக்கடியில் ஏற, வெயில் கண்ணாடி வழியாக முகத்தில் அடிக்க, மே மாதத்தில் நாக்பூர் தாண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஏ.சி. வண்டி வாங்குவது வேறு, அந்த ஏ.சி. நான்காம் வருஷமும் குளிர்வது வேறு. முதலாவதற்குச் சட்டம் வந்துவிட்டது, இரண்டாவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் பக்கம் இரண்டு வண்டி வைத்துப் பிழைக்கிற ஆள் நான், அதற்கு முன்னால் பல வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன். எங்களைப் போன்றவர்கள் எடுப்பது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் வண்டிதான். வாரண்டி முடிந்த பிறகுதான் வண்டி எங்கள் கைக்கு வரும், ஏ.சி. மக்கர் பண்ண ஆரம்பிப்பதும் அப்போதுதான். அந்த நேரத்தில் எங்களுக்கு இரண்டே வழி. கம்பெனி சர்வீஸுக்குப் போனால் கம்ப்ரசரை மாற்று, கூலிங் காயிலை மாற்று என்று முழு செட்டுக்கும் எஸ்டிமேட் போடுவார்கள், வண்டியையும் நாள்கணக்கில் நிறுத்தி வைப்பார்கள், தவணைத் தேதி நமக்காக நிற்குமா? சரி என்று பைபாஸ் ஓரக் கடைக்குப் போனால் அழுத்தம் காட்டுகிற கேஜைக்கூட மாட்டிப் பார்க்காமல் "கேஸ் கம்மிங்க, போட்டா சரியாயிடும்" என்பார்கள். போடுவார்கள், குளிரும். பங்குனியில் போட்டால் சித்திரை முடிவதற்குள் திரும்ப அனல் காற்று அடிக்கும்.

ஏ.சி. கேஸ் என்பது டீசல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள், கேஸை அழுத்தித் தள்ளுகிற கம்ப்ரசர், சூட்டை வெளியே விடுகிற கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சுகிற ட்ரையர், கேஸை அளவாக விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வ், கேபின் காற்றைக் குளிர்விக்கிற கூலிங் காயில் என்று சுற்றிச் சுற்றி வருவது, அவ்வளவுதான். ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருஷக்கணக்கில் துளித் துளியாகக் கசிவது இயல்பு, ஆனால் வருஷா வருஷம் கேஸ் குறைகிறது என்றால் எங்கேயோ லீக் இருக்கிறது என்றுதான் அர்த்தம். லீக்கைக் கண்டுபிடிக்காமல் கேஸ் போடுகிற கடைக்காரர் உங்கள் பணத்தைத்தான் காற்றில் விடுகிறார். இதை நான் சொன்னால் எங்கள் ஸ்டாண்டிலேயே சிலர் "எல்லா வண்டிக்கும் வருஷம் ஒருதரம் போட்டுத்தான் ஆகணும்" என்று சண்டைக்கு வருகிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால் கேஸ் போடுகிறவர் சொன்னாராம்.

ஏ.சி. போய்விட்டது என்று வருகிற வண்டிகளில் கணிசமானவற்றுக்குக் கேஸ் பக்கமே போக வேண்டிய தேவை இருக்காது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாமே பார்த்துவிடக்கூடிய வேலைகள்தான். ஏ.சி. எப்படிப் படுத்துகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். காற்றே வரவில்லையா, காற்று வந்து குளிர் இல்லையா, ஓடும்போது குளிர்ந்து டோல்கேட்டில் நின்றால் சூடாகிறதா, இல்லை கிளம்பும்போது ஜில்லென்று இருந்துவிட்டுப் போகப் போகக் காற்றே குறைந்துபோகிறதா? இந்த நான்குக்கும் காரணம் வேறு வேறு. டிரைவரைக் கூப்பிட்டு இதை மட்டும் விசாரித்தாலே பாதி வேலை முடிந்தது. முதலாளிமார் பலர் அதைக் கேட்பதில்லை, "ஏ.சி. வேலை செய்யலைங்ணா" என்றதுமே கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஓடும்போது குளிர்ந்து நின்றால் சூடாவது பெரும்பாலும் கண்டென்சர் கோளாறு. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், சில வண்டியில் கேபின் கூரை மேலேயே இருக்கும். எங்கள் பக்கத்து வண்டிகள் ஏற்றுவது மக்காச்சோளம், தவிட்டு மூட்டை, சிமெண்ட், பஞ்சு. அந்தத் தூசியும் ராத்திரிப் பூச்சிகளும் சேர்ந்து கண்டென்சர் இதழ்களுக்கு நடுவில் அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும், பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிச்சமே இந்தப் பக்கம் வராது. சாதாரணத் தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை உள்ளிருந்து வெளியே போகிற மாதிரி மெதுவாக விட்டுக் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸில் லாரி கழுவுகிற பிரஷரை அதன்மேல் அடித்துவிடாதீர்கள், அலுமினிய இதழ்கள் அப்படியே மடங்கிப்போகும், அப்புறம் காற்றுக்கு வழியே இருக்காது. கழுவிய கையோடு கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். ஃபேன் நின்றுபோயிருந்தால் எத்தனை முறை கழுவினாலும் வண்டி நிற்கும்போது குளிராது.

ஜில்லென்று ஆரம்பித்துப் போகப் போகக் காற்று குறைகிற கோளாறு வேறு. அங்கே கூலிங் காயில் பனிக்கட்டி பிடித்திருக்கும். ஏ.சி.யை அணைத்து, காற்றைத் தள்ளுகிற ப்ளோயரை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் பனி உருகிக் காற்று திரும்ப வரும், அதை வைத்தே உறுதி செய்துகொள்ளலாம். கேஸ் குறைந்தாலும் இப்படி ஆகும், தெர்மோஸ்டாட் கெட்டாலும் ஆகும், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காயில் அழுக்கைத்தான். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற பெட்டியைத் திறந்து பாருங்கள். என் வண்டி ஒன்றில் திறந்தபோது காயில் முகப்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படலம் இருந்தது. விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வந்தது, அதற்குள் தலைமுடி, தவிடு, ஊதுபத்திச் சாம்பல், ஹான்ஸ் பாக்கெட் கிழிசல் ஒன்று. அதை எடுத்துவிட்டு மெல்லிய பிரஷ் போட்டுத் துடைத்ததும் ப்ளோயர் சத்தமே மாறிப்போனது. கேபின் ஃபில்டர் இருக்கிற வண்டி என்றால் அதைத் தட்டிப் போடுவதோ மாற்றுவதோ கிளீனர் பையனே பார்த்துவிடுகிற வேலை. அப்படியே தண்ணீர் வடிகிற டியூபிலும் ஒரு மெல்லிய கம்பியை விட்டு மண் அடைப்பை எடுத்துவிடுங்கள். உள்ளே டிரைவர் பக்கத்துச் சீட்டுக்கடியில் தண்ணீர் தேங்குகிறது என்று வருகிற புகாரெல்லாம் இந்தக் குழாய் அடைப்பில்தான் வருவது.

காற்று நன்றாக வருகிறது, குளிர் மட்டும் சுத்தமாக இல்லை என்றால் இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. சுவிட்சைப் போட்டுக் கம்ப்ரசரை இன்ஜின் ஓட்டத்தோடு சேர்க்கிற கிளட்ச் "டக்" என்று பிடிக்கிறதா பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, வயர் கனெக்டர், அப்புறம் பிரஷர் சுவிட்ச் என்று வரிசையாகப் போக வேண்டும். நம் கனரக வண்டிகள் 24 வோல்ட் என்பதை இங்கே மறக்கக் கூடாது. கார் ஏ.சி. பார்க்கிற கடையில் கையில் கிடைத்த 12 வோல்ட் ரிலேயையோ ஃபேன் மோட்டாரையோ கிளட்ச் காயிலையோ போட்டுவிட்டால் அது சீக்கிரமே கருகிவிடும். கிளட்ச் பிடிக்கிறது என்றால் பைப்பைத் தொட்டுப் பாருங்கள், கேபினுக்குள் போகிற இரண்டில் தடித்த பைப் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும், மெல்லிய பைப் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகிற பைப்பில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள், கொதிக்கும். ஜாயின்ட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் படிந்திருந்தால் அங்கேதான் லீக், ஏனென்றால் கம்ப்ரசர் எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது, கேஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் எட்டிப் பார்க்கும். இன்ஜினை அணைத்துவிட்டு சோப்பு நுரை தடவினால் முட்டை விடுவது தெரியும். கேஸ் ஏற்றுகிற வால்வின் மூடி தொலைந்துபோயிருந்தால் அந்த வால்வையும் சேர்த்துப் பாருங்கள்.

பிரஷர் சுவிட்ச் விஷயத்தில் நம் ஆட்கள் செய்கிற ஒரு வேலை எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பும். கேஸ் குறைந்தால் அந்த சுவிட்ச் கிளட்சுக்குப் போகிற கரண்டை வெட்டிவிடும், கம்ப்ரசரைக் காப்பாற்றத்தான் அதை வைத்தே இருக்கிறார்கள். நம் ஆட்கள் இரண்டு வயரையும் முறுக்கி டைரக்ட் கொடுத்துவிட்டு "இப்ப ஓடுது பாருங்க" என்பார்கள். ஓடும். கேஸ் இல்லாவிட்டால் எண்ணெயும் திரும்பி வராது, எண்ணெய் இல்லாமல் ஓடினால் கம்ப்ரசர் ஜாம் ஆகிவிடும், உள்ளே உடைந்த உலோகத் தூள் லைன் முழுக்கப் பரவி கண்டென்சரையும் வால்வையும் சேர்த்துக் கெடுக்கும். ஜாயின்ட்டில் போடுகிற ரப்பர் வளையம், ஒரு சின்ன ஓ-ரிங்கில் முடிந்திருக்க வேண்டியது முழு செட்டில் போய் நிற்கும்.

நான் சொன்னதில் எதற்கும் கேஸ் லைனைத் திறக்க வேண்டியதில்லை. வீட்டு வேலை அங்கேயே நின்றுவிட வேண்டும். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது கேஜ் செட்டும் கேஸ் டின்னும் ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கிறது, வீடியோ பார்த்துவிட்டுத் தானே ஏற்றுகிற பழக்கம் நம் பையன்களிடம் பரவிவருகிறது. லாரி ஏ.சி.யில் பரவலாக இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு அது, திறந்த பைப்பிலிருந்து கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதோடு, இதில் ஒரு கிலோவைக் காற்றில் விட்டால் சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமமான சூட்டைப் பூமிக்கு ஏற்றும், அதாவது ஏறக்குறைய 500 லிட்டர் டீசல் எரித்த கணக்கு. புகைச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்க வைக்கிற நாட்டில் பட்டறைக்குப் பட்டறை இதைப் புஸ்ஸென்று திறந்துவிடுவதைக் கேட்பார் இல்லை.

அதைவிட மோசம், லீக் பார்க்கிறேன் என்று பஞ்சர் கடைக் காற்றை லைனுக்குள் ஏற்றுவது. மிச்சமிருக்கிற ஆர்-134ஏவும் காற்றும் கலந்து அழுத்தத்தில் இருந்தால் தீப்பிடிக்கக் கூடிய கலவை ஆகலாம், காற்றோடு போகிற ஈரம் தனிச் சனியன். லீக் டெஸ்டுக்கு நைட்ரஜன்தான் போட வேண்டும். இன்னும் சிலர் சமையல் கேஸையே ஏற்றுகிறார்கள், குளிர்வதும் உண்மைதான். காயில் இருப்பது கேபினுக்குள், காயில் லீக் ஆனால் சமையல் கேஸ் நிறைவது டிரைவர் தூங்குகிற இடத்தில், அவர் விடியற்காலையில் எழுந்து பீடிக்குத் தீக்குச்சி உரசினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மலிவாகக் கிடைக்கிற போலி கேஸும் இதே ரகம். 2011இல் கப்பல் கன்டெய்னர்களின் குளிரூட்டும் இயந்திரத்தில், ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலி சரக்கை ஏற்றியதால், அது உள்ளே அலுமினியத்தோடு வினை புரிந்து, வியட்நாமிலும் பிரேசிலிலும் கம்ப்ரசர்கள் வெடித்துத் துறைமுகத் தொழிலாளர்கள் செத்தார்கள். நம் லாரி கம்ப்ரசரும் அலுமினியம்தான்.

சரி, கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் அங்கே என்ன கேட்பது? மிச்சக் கேஸை மெஷினில் இழுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். லைனைத் திறந்தால் ட்ரையரும் ஓ-ரிங்கும் புதிது போடச் சொல்லுங்கள். உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுத்தெடுக்கிற வாக்யூமை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் போட்டு, பம்பை நிறுத்திய பிறகு ஊசி ஏறுகிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரை வைத்து ஐந்து நிமிஷம் இழுத்துவிட்டு வாக்யூம் போட்டாச்சு என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது, உள்ளே தங்கிய ஈரம் வால்வு வாயில் பனியாக உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளுறுப்பை அரிக்கும். கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும், எத்தனை கிராம் என்பது வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். கேஜ் ஊசியைப் பார்த்து ஏற்றுவதை நம்பாதீர்கள். நின்றுபோன வண்டியில் காலை 30 டிகிரியில் இரண்டு ஊசியும் 100 பி.எஸ்.ஐ.யை ஒட்டி நின்றால் உள்ளே கேஸ் இருக்கிறது என்றுதான் தெரியும், கால் கிலோ இருந்தாலும் ஒரு கிலோ இருந்தாலும் ஊசி அதே இடத்தில்தான் நிற்கும். கூடுதலாக ஏற்றினால் இன்னும் நன்றாகக் குளிரும் என்பதும் தப்பு, அழுத்தம் ஏறிக் குளிர் குறையத்தான் செய்யும்.

இதையெல்லாம் கேட்டால் கடைக்காரர் முறைக்கிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? 2019 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டத்தில் ஏ.சி. பழுதுபார்க்கிறவர்கள் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தார்கள், 2022-23க்குள் என்று கெடுவும் போட்டார்கள். எங்கள் சேலம் - நாமக்கல் - கரூர் ரோட்டில் லாரி ஏ.சி. பார்க்கிற கடைகளில் அப்படி ஒரு சான்றிதழ் மாட்டியிருந்து நான் பார்த்ததில்லை. கேஸ் விலையும் இப்படியே இருக்கப்போவதில்லை. இந்த மாதிரி ஏ.சி. கேஸ்களைக் குறைக்க உலக நாடுகள் போட்ட கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது, அதன்படி இந்த வகைக் கேஸ்களுக்கு 2028இல் உச்சவரம்பு வந்துவிடும், 2032 முதல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். புது லாரி எல்லாம் ஏ.சி.யோடு சாலைக்கு வருகிற அதே நேரத்தில் கேஸுக்குக் கட்டுப்பாடும் வருகிறது. வீணாக்காமல் மீட்டு வைக்கிற ஏற்பாடு இல்லாவிட்டால் அன்றைக்கு அடிபடப்போவது செகண்ட் ஹேண்ட் வண்டிக்காரன்தான்.

எங்கள் ஆட்களையும் சும்மா விட முடியாது. ஏ.சி. போட்டால் மைலேஜ் போகிறது என்று பெல்ட்டையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டு டிரைவரை அனுப்புகிற முதலாளிகள் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தவர்களே. டீசல் கொஞ்சம் கூடத்தான் செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. வெயிலில் வெந்து ராத்திரி தூக்கமும் இல்லாமல் ஒரு மனுஷன் 40 டன் வண்டியை ஹைவேயில் ஓட்டிவருவதில் இருக்கிற நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? டிரைவர் கிடைக்கவில்லை, பையன்கள் இந்தத் தொழிலுக்கே வர மாட்டேன் என்கிறார்கள் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர்களும் இவர்களேதான்.

அரசிடமும் கம்பெனிகளிடமும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏ.சி. வயரிங் படம், கேஸ் அளவு, எண்ணெய் வகை, என்ன அடையாளத்துக்கு என்ன கோளாறு என்ற பட்டியல், இவற்றைத் தமிழில் வண்டியோடு கொடுக்கட்டும், கேபின் கதவிலேயே ஒட்டினாலும் சரி. முழு காயில் பெட்டியைத் தலையில் கட்டாமல் ப்ளோயர் மோட்டார், தெர்மோஸ்டாட், ஓ-ரிங் செட் எல்லாம் தனித்தனியாகக் கடைக்கு வரட்டும். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் மாதிரி லாரி மொத்தமாக இருக்கிற ஊர்களின் ஐ.டி.ஐ.களில், ஏற்கெனவே தொழிலில் இருக்கிற ஏ.சி. மெக்கானிக்குகளுக்குச் சாயங்கால வகுப்பாக லாரி ஏ.சி. பயிற்சி நடத்தட்டும். பகலில் கடையை மூடிவிட்டு வா என்றால் ஒருத்தர்கூட வர மாட்டார். கேஸை இழுத்துச் சேர்க்கிற ரெக்கவரி மெஷின் சின்னக் கடைக்காரர் தனியாக வாங்குகிற விலையில் இல்லை, அதை லாரி உரிமையாளர் சங்கங்களே வாங்கிப் பட்டறைகளுக்கு மணிக்கணக்கு வாடகைக்கு விடலாம், அரசு அதற்குப் பாதி மானியம் தந்தால் போதும். எங்கள் பகுதிச் சங்கம் முன்வந்தால் என் பங்குப் பணத்தை இந்த மாசி மாதத்துக்குள்ளேயே கட்டிவிடுகிறேன், எங்கள் ஸ்டாண்டில் இன்னும் சிலரும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர் ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்.